சாயங்காலம் தாமதமாக வந்த வீடு

"அப்பா, தெருவுல எல்லார் வீட்டுலயும் இருட்டிடுச்சு. நம்ம வீட்டுல மட்டும் ஏன் இன்னும் வெயில் அடிக்குது?" என்று நிர்வாக ஆலோசகர் ஒருவரின் மகள் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. கேள்வியில் பிழை ஒன்றுமில்லை. அந்த வீட்டில் பகல் மற்ற வீடுகளைவிட நீளம். வாசலில் தெருவிளக்கு எரியும். உள்ளே கூடத்துச் சுவரில் மதிய வெயில் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு மின்கட்டணம் குறைவு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் பொறாமைப்பட்டார்கள், பிறகு அதையும் மறந்தார்கள்.

நிறுவனங்களில் வீணாகும் நேரத்தைக் கண்டுபிடித்து வெட்டுவது அவருடைய தொழில். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊழியரின் பின்னாலேயே நடப்பார். பயனுள்ள நேரத்துக்குப் பச்சைக் கோடு, பயனற்றதற்குச் சிவப்பு. முதல் பெரிய வேலை ஒரு மருத்துவமனையில் கிடைத்தது. ஆயா ஒருத்தி விரிப்பை மாற்றியதற்குப் பச்சை போட்டார். மாற்றி முடித்த பிறகும், நோயாளி கண்ணயரும்வரை கட்டில் ஓரத்தில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாளே, அதற்குச் சிவப்பு. நிர்வாகம் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆயாக்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் வார்டில் உட்காரக் கூடாது என்றார்கள். அன்று சாயங்காலம்தான் வெட்டுப்பட்ட அந்த நிமிடங்கள் ஆலோசகரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்ததை யாரும் பார்க்கவில்லை. வெயில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த வங்கிக் காவலாளியின் நிமிடங்கள் வந்தன. ஓடி வருகிற பயணிக்காக வண்டியை நிறுத்தி வைத்த ஓட்டுநரின் நிமிடங்களும் வந்தன.

ஆலோசகருக்கு இதில் சந்தோஷம்தான். கூடுதலாகக் கிடைத்த பகலில் தன் முறையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மேலாண்மைக் கல்லூரி அவரை அழைத்துப் பேராசிரியராக்கியது. அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய் நேரத்தை வெட்டினார்கள். வெட்டியதில் ஒரு பங்கு, தரகு போல, ஆசிரியரின் வீட்டுக்கே வந்தது. ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவன், "சார், வேலை போன அந்த ஆயாங்க அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டான். "அது நம்ம சிலபஸ்ல இல்லப்பா" என்றார். வகுப்பே சிரித்தது.

வீட்டில் இருந்தவர்கள் வீட்டின் நேரப்படியே உண்டார்கள், உறங்கினார்கள், வளர்ந்தார்கள். மனைவிக்கு முப்பது முடிவதற்குள் தலை வெளுத்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளைப் பார்த்தபோதுதான் கணவரிடம் சண்டைக்கு நின்றாள்.

"கூடப் படிக்கிறதுங்க இன்னும் பல்லு விழுந்து திரியுதுங்க. இவ என் தோளுக்கு மேல வளர்ந்து நிக்கிறா. நீங்க ஊர்ல மிச்சம் பிடிக்கிறதெல்லாம் என் பொண்ணு தலையிலதான் விடியுது."

"நேரம் கூடக் கிடைச்சா நல்லதுதானே?"

"யாரோ யாருக்கோ மனசாரக் கொடுத்துட்டிருந்ததுங்க அது. அதைப் புடுங்கிட்டு வந்து, என் குழந்தையோட வயசைக் கரைக்கிறீங்க."

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வீட்டுப் படியை மகள் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். கரைந்துபோன குழந்தைப் பருவம் திரும்பவில்லை. அப்படிப்பட்டவை திரும்புவதில்லை.

பேராசிரியர் தொழிலை விட்டார், வகுப்பையும் விட்டார். சேர்ந்த நிமிடங்கள் போகவில்லை. காலையில் வடித்த சோறு சாயங்காலம் வருவதற்குள் ஊசிப்போனது. பேச ஆளில்லாத பகல் எவ்வளவு நீளம் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். ஒருநாள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க அதே மருத்துவமனைக்குப் போனார். வரிசையில் பக்கத்திலிருந்த பெரியவர், "எனக்குக் காது மந்தம் தம்பி, என் பேரைக் கூப்பிட்டா கொஞ்சம் சொல்றியா?" என்றார். பேராசிரியர் தன் மாத்திரையை வாங்கிய பிறகும், பெரியவரின் பேர் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியபோது சுவரில் வெயில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

மறுநாளும் போனார். அதன் பிறகு வருடக்கணக்காகப் போனார். நர்சுகள் அவரை யாரோ ஒரு நோயாளியின் உறவு என்று நினைத்தார்கள், நோயாளிகள் மருத்துவமனை ஆள் என்று நினைத்தார்கள். கடவுள் அவரை என்னவாக நினைத்தார் என்பது நமக்குத் தெரியாது. வெயில் மட்டும் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது.

மனைவி இறந்து சில மாதங்களுக்குப் பிறகு மகள் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை மதியம் அந்தப் பக்கம் வரேன்ப்பா. ஒரு மணி நேரம் இருப்பேன்." சற்று நிறுத்திவிட்டு, "உள்ள வரலாமா?" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் வெயில் மிச்சமிருந்தது. அவள் வருமுன் அதைக் கொடுத்துத் தீர்க்காவிட்டால், அவள் ஆயுளிலிருந்துதான் போகும். "வாம்மா" என்றார்.

ஞாயிறு காலை சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனார். இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்த ஒருவர் தனியாகக் கிடந்தார். கையைத் தொட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டார். மதியமாயிற்று. இந்நேரம் மகள் வாசலுக்கு வந்திருப்பாள். கையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலை. ஆனா போயிடாதீங்க."

அவர் எழவில்லை. கட்டிலில் இருந்தவரின் மூச்சு சீராகி, விரல்கள் தாமாகவே தளரும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த வேளையில் வார்டில் வேறு யாரும் இல்லை.

மகள் கூடத்தில் காத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம், "சொன்னா சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். அப்பவும் இப்படித்தான், திருந்தாத ஜென்மம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள். அவர் வந்து, அவள் தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். போன் செய்து காரணம் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் காத்திருந்தது ஒரு மணி நேரம். அவள் வயதில் கூடியதும் அந்த ஒரு மணி நேரம்தான்.