சீட்டில் விழுந்த பக்கம்

1

இந்தக் கதையை வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். முதலில் 'சமூக அக்கறையில்' என்றுதான் எழுதியிருந்தேன். என் மனைவி கமலாசனி வாசித்துவிட்டுச் சிரித்தாள். வெட்டிவிட்டேன்.

'நான்' என்று எழுதினால் நியாயமெல்லாம் என் பக்கம் ஒதுங்கிவிடும். ஆகையால் இனி நான் 'அவர்'. பெயர் பரமலிங்கம். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முதலில் வந்து ஏறும் தலைமடையில்.

2

தொடக்கம் ஒன்று: 'அறுபத்திரண்டாம் ஆண்டு, குளம் பாதிக்கும் கீழே வற்றிக்கிடந்த காலத்தில், விவசாயிகளின் பொருளாதார நிலைமையானது...'

(பாடப்புத்தக வாடை. விடுங்கள்.)

தொடக்கம் இரண்டு: தவராசாவுக்குக் குரல் நல்லது.

இதை எழுதப் பரமலிங்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு விவாதம் நடக்கும். கூப்பன் அரிசி, நெற்காணிச் சட்டம், பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது என்று எல்லாவற்றையும் அங்கே தீர்த்துவைத்தாயிற்று. கொழும்புக்குத்தான் இன்னும் தெரியாது. எட்டு வருடமாக அங்கே பேச்சாளர் என்றால் பரமலிங்கம். பூநகரியிலிருந்து தவராசா வந்து குடியேறும் வரைக்கும்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்வார்கள்.*

* சொந்தக் காணிக்காக ஒருவரும் மேடையில் வாதாடக்கூடாது என்று வந்த வழக்கம். முன்மொழிந்தவர், மறைப்பானேன், பரமலிங்கம்.

3

அந்த மாதத் தலைப்பு: தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில், அதாவது கோடை விதைப்பில், தலைமடை வயல்களுக்கு மட்டும் முழுதாகக் கொடுப்பதா, எல்லா வயலுக்கும் பங்கிடுவதா?

தவராசாவின் வயல் வாய்க்காலின் கடைசியில். சீட்டோ அவருக்குத் தலைமடை என்று விழுந்தது. தலைமடைக்காரரான பரமலிங்கத்துக்குப் பங்கீடு.

பரமலிங்கம் குளத்தின் ஆழத்தை அடிக்கணக்கில் சொன்னார். ஆளுக்கு ஓர் ஏக்கர் விதைத்தால் எல்லாருக்கும் போதும் என்று நிறுவினார். பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். பிறகு தவராசா எழுந்தார்.

"வாய்க்கால் மண்ணுக்குத் தண்ணி பருக்கிப்போட்டு, கடைசி வயலுக்கு ஈரத்துணி போர்த்தவோ? எல்லாருக்கும் அரைவயிறு எண்டால் ஒருத்தருக்கும் விளைச்சல் இல்லை!"

தன் வயலுக்கு எதிராக அந்த மனிதன் அப்படிப் பேசினான். (பேசினார்.) கூரை அதிரக் கை தட்டினார்கள். கமலாசனியும் தட்டினாள். அவளுடைய காப்புச் சத்தம் பரமலிங்கத்துக்குத் தனியாகக் கேட்டது.

4

பத்து நாளில் அரசாங்கக் காரியாதிகாரி சிறுபோகக் கூட்டம் வைத்தார். இது விவாதமல்ல. கையை உயர்த்தினால் அதுதான் அந்தப் போகத்துக்கு விதி.

தவராசா எழுந்து, எல்லா வயலுக்கும் பங்கிடவேண்டும் என்றார்.

"தம்பி, போன கூட்டத்திலை ஈரத்துணிக் கதை சொன்னது நீர்தானே?" என்றார் ஒரு கிழவர். சிரிப்பு எழுந்தது.

"அது சீட்டிலை விழுந்த பக்கம், ஐயா. இது என்ரை வயல்."

"வயல் எண்டோடனை கதை மாறுதோ?"

அந்த நல்ல குரல் முதல்முறையாக உடைந்தது. பரமலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. (இதை வெட்டமாட்டேன்.) அப்போதுதான் தவராசா அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் பேசினதை இவையளுக்கு ஒருக்கால் சொல்லுங்கோவன். கை தட்டினது எனக்குத்தான். ஆனால் நீங்கள் சொன்னதுதான் சரி."

கூட்டம் பரமலிங்கத்தைப் பார்த்தது.

5

முடிவு ஒன்று: அவர் எழுந்து பேசினார். கைகள் உயர்ந்தன. எல்லாரும் ஒவ்வோர் ஏக்கர் விதைத்தார்கள். (அப்படியென்றால் வயிற்றெரிச்சல் எதற்கு?)

முடிவு இரண்டு: தன் மூன்று ஏக்கருக்கும் தண்ணீர் வேண்டுமென்று பேசாமல் இருந்துவிட்டார். (ஆசை என்றால் மன்னிப்பார்கள் என்று இதை எழுதினேன். வயலை அவர் அப்போது நினைக்கவேயில்லை. எழுந்து பேசி வென்றாலும், 'தவராசா கேட்டபடியால்தான் பேசினார்' என்று ஊர் சொல்லும், அந்தப் பெயரும் அவனுக்கே போய்ச்சேரும் என்றுதான் நினைத்தார்.)

கமலாசனி இதுவரை வாசித்தாள்.

"நீங்கள் எழும்பேல்லை," என்றாள்.

"தெரியும்."

"தண்ணியில்லாமல் தவராசாவின்ரை வயலிலை அந்தப் போகம் மாடு மேஞ்சது."

"தெரியும்."

"அடுத்த மாத விவாதத்திலையும் அவருக்குத்தான் கை தட்டினவை."

"அதுவும் தெரியும்!"

"எழுதேக்கையாவது எழும்புங்கோவன்."

எழுத முயன்றேன். 'பரமலிங்கம் எழுந்து' என்பதைத் தாண்டி வசனம் நகரவில்லை. எழுந்தவர் எதைச் சொன்னாலும், எனக்கு முன்னால் தவராசாவின் நன்றியுள்ள முகம் வந்து நிற்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, கதையில் கைகள் இன்னும் உயரவில்லை. தவராசா நின்றுகொண்டிருக்கிறார். பரமலிங்கம் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி இருக்கிறார். அவரை எழுப்ப என்னால் ஆகாது, நீங்கள் எழுப்பிவிடுங்கள். தண்ணீரையும் பங்கிட்டுக் கொடுங்கள்.

அவர் பேசி முடித்ததும், தயவுசெய்து, கொஞ்சம் கை தட்டுங்கள்.