1146-ஆம் போல்ட்

மார்ச் பன்னிரண்டாம் தேதி மதியம் இரண்டரை மணிக்கு ஜெர்லின் அந்த எண்ணைப் பார்த்தாள். அவள் தேடியது அதை அல்ல. ஒரு விமானத்துக்கு டயர் மாற்றிய தேதி வேண்டியிருந்தது. அதற்காகத் திறந்த பழைய அட்டையில், டயருக்கு இரண்டு வரி மேலே, சக்கரக் காலில் மாட்டிய போல்ட்டின் எண் கையால் எழுதப்பட்டிருந்தது. 1146.

அந்த அட்டையை அவள் முன்பு பார்த்ததில்லை. ஆனால் 1100 முதல் 1190 வரை என்ற கணக்கு அவளுக்கு மறக்கவில்லை.

அவர்கள் அலுவலகம் நெல்லித்தோப்பில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. விமானம் எதுவும் அங்கே வராது. காகிதம்தான் வரும். வெளிநாட்டில் விமானங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்காக, எந்த விமானத்தில் எந்தப் பாகம், என்ன எண், எப்போது மாட்டியது என்று கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பார்கள். ஏதாவது ஒரு பாகத்தில் கோளாறு தெரிந்தால் உத்தரவு வரும். இந்த எண் முதல் இந்த எண் வரை உள்ளதையெல்லாம் இத்தனை தரையிறக்கத்துக்குள் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், இல்லையென்றால் விமானம் பறக்கக் கூடாது. அந்த எண்கள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று அட்டைகளைப் பார்த்துச் சொல்வது மாடியில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் வேலை.

போல்ட் உத்தரவு போன அக்டோபர் கடைசியில் வந்தது. 1100 முதல் 1190 வரை எண் உள்ள போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் சரியாகப் பதப்படுத்தவில்லை. வெளியே தெரியாத விரிசல் விழலாம். அறுநூறு தரையிறக்கத்துக்குள் மாற்ற வேண்டும்.

ஜெர்லின் பழைய பட்டியலைத் திறந்தாள். அதே விமானம், அதே கால். போல்ட் எண் 7746, உத்தரவு பொருந்தாது. முதல் சரிபார்ப்பு இளஞ்செழியன். இரண்டாம் சரிபார்ப்பு ஜெர்லின், நவம்பர் இரண்டு, பிற்பகல் மூன்று நாற்பது.

மூன்று நாற்பதுக்கு அவள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள்.

ஞாயிறோ திருநாளோ அந்த அலுவலகத்துக்குக் கிடையாது. லீவு கேட்டாலும் கிடைக்காது. அதனால் அவளுக்கும் இளஞ்செழியனுக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்குச் செழியன் பாதி நாளில் கிளம்பிப் போவான், அவன் பாஸ்வேர்டில் ஜெர்லின் வேலையை முடித்துவிடுவாள். கல்லறைத் திருநாளுக்கு ஜெர்லின் போவாள், அவள் பாஸ்வேர்டில் செழியன் முடித்துவிடுவான். பொங்கல், பெரிய வெள்ளி எல்லாம் இப்படித்தான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. திருநாள் அன்று மட்டும் ஒரே ஆள் இரண்டு பேராகப் பார்த்தார். ஒருவரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நான்கு வருடமாக நடந்தது.

அந்த அட்டைகளை எழுதிய மெக்கானிக்குகள் பிரெஞ்சுக்காரர்கள். ஒன்று என்று எழுதும்போது கீழிருந்து ஒரு நீளக் கோடு ஏற்றி, கூரை போல மடக்கி இறக்குவார்கள். பழகாத கண்ணுக்கு அது ஏழு. ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஜெர்லினும் அப்படித்தான் எழுதப் பழகினாள். இரண்டாம் சரிபார்ப்பில் அவளை உட்கார வைத்ததே அதற்காகத்தான். செழியனுக்கும் இது தெரியும். ஆனால் முன்னூற்றுச் சொச்சம் அட்டைகளைத் தனியாகப் பார்ப்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் கடைசிவரை நினைவில் நிற்காது.

"செழியா, கீழ வா. டீ குடிக்கலாம்."

"இப்பதான் கா குடிச்சேன்."

"இன்னொண்ணு குடி."

டீக்கடையில் அவள் ஒரு பில்லின் பின்பக்கத்தில் அந்த எண்ணை, அந்த மெக்கானிக் எழுதியது போலவே எழுதிக் காட்டினாள்.

"என்ன நம்பர் இது?"

"ஏழாயிரத்து எழுநூத்தி நாப்பத்தாறு. என்ன கா, பரிச்ச வெக்கிறியா?"

"நல்லா பாரு."

பார்த்தான். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"நடுவுல கோடு இல்ல," என்றான்.

"இல்ல."

"எது இது? போல்ட்டா?"

"போல்ட்டுதான். நவம்பர் ரெண்டு."

எதிரே ஒரு மினி லாரியிலிருந்து டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பறக்குதா அது?"

"காலைல கூட பறந்துருக்கு. தீவுக்குத் தீவு போவுது. ஒரு நாளைக்கு எட்டு தடவ எறங்குது."

"அறநூறு சொல்லியிருந்தாங்கல்ல. இப்ப எவ்ளோ?"

"ஆயிரத்து நாப்பது."

"ஒண்ணும் ஆவலியே."

"ஆவல."

"அப்ப மாசக் கடைசி லிஸ்ட்டுல சேத்துடலாம் கா. அட்ட இப்பதான் கைக்கு வந்துதுன்னு ஒரு வரி எழுதுனா போதும். ஒருத்தனும் கேக்க மாட்டான். அங்க இருக்குற பிரெஞ்சுக்கார முசியே பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. போல்ட்டும் மாறிடும்."

"அதுக்கு இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு."

"ஆயிரத்து நாப்பது தாங்குனது இன்னொரு நூத்தம்பது தாங்காதா?"

தாங்கலாம். தாங்காமலும் போகலாம். உத்தரவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அவசரத்துக்குன்னு இருக்குற சிவப்பு ஃபார்ம் போட்டா பிளேன் இன்னிக்கே நின்னுடும்," என்றாள்.

"அதுவும் நிக்கும், நாமளும் நிப்போம். வீட்ல சுமலதாவுக்கு அடுத்த மாசம் பிரசவத்துக்குத் தேதி குடுத்துருக்காங்க. கதிர்காமம் ஆஸ்பத்திரில."

"தெரியும்."

"சும்மா சொன்னேன்."

"அதுவும் தெரியும்."

அன்று அவள் சிவப்பு ஃபார்ம் போடவில்லை. மேலே போய் டயரின் தேதியைக் கண்டுபிடித்து அனுப்பினாள். பிறகு இன்னும் நாற்பது அட்டைகள் பார்த்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாள். தூக்கம் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காலையில் மாமியார் அந்தோணிமேரி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தவக்காலத்து வெள்ளி, வீட்டில் கறி மீன் எதுவும் இல்லை. ஜெர்லினின் கணவன் கிளாட்வின் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர்தான்.

"அத்த, கல்லறத் திருநாளுக்கு நான் எத்தன மணிக்கு வந்தேன்?"

"ஒரு மணி இருக்கும். வெயிலு மண்டையப் பொளந்துது. ஏன்?"

"நான் வரலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்றது, பக்கத்து வீட்டு வேம்புவக் கூப்ட்டு கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சிருப்பேன். அடிக்கலன்னா எழுந்து வந்து கேக்கவா போறான் அவன்."

அந்தோணிமேரி வெறும் காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள். மகனைப் பற்றி அவள் பேசுவது எப்போதும் இப்படித்தான். ஜெர்லினுக்கு அது பிடிக்கும்.

அன்று மதிய ஷிப்ட், பதினொன்றரைக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். வழியில் ஒரு கணக்கு மட்டும் மனதில் ஓடியது. நேற்று மதியத்திலிருந்து இதற்குள் ஏழெட்டு முறை இறங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் நாற்பது பேர். அந்த நாற்பது பேரில் ஒருவரையும் அவளால் முகமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. முயன்று பார்த்தாள், வரவில்லை. பயமும் வரவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைத் தெரிந்துகொண்டு டயர் தேதி தேடிக்கொண்டிருக்க முடியாது என்று மட்டும் புரிந்தது.

செழியன் பக்கத்து நாற்காலியில் ஹெட்போன் மாட்டியிருந்தான். அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"போடப் போறேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கேட்டான். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டான்.

சிவப்பு ஃபார்மில் விமானத்தின் எண், பாகம், பாகத்தின் எண் எல்லாம் நிரப்பினாள். பிழை எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. 'இரண்டாம் சரிபார்ப்பு நடக்கவில்லை' என்று எழுதினாள். அனுப்பியதும் ஃபார்ம் காலியாகி, அடுத்த புகாருக்காகக் காத்து நின்றது.

இருபது நிமிடத்தில் மேனேஜர் சக்கரபாணி கூப்பிட்டார். கண்ணாடி அறை. அவர் மேஜையில் சாப்பாட்டு டப்பா பாதி திறந்திருந்தது.

"நடக்கவில்லைன்னா என்னம்மா அர்த்தம்? சிஸ்டத்துல உன் பேரு இருக்கு, நேரம் இருக்கு."

"அன்னிக்கு நான் பன்னெண்டரைக்குக் கெளம்பிட்டேன் சார். கேட்டுல கார்டு தேச்சிருக்கேன், பாருங்க."

"அப்ப உன் பேருல யாரு போட்டது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செழியன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு அவனே உள்ளே வந்தான்.

"நான்தான் சார் போட்டேன்."

சக்கரபாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஒரு தடவயா?"

"ஒரு தடவதான்," என்றான் செழியன் வேகமாக.

"இல்ல சார்," என்றாள் ஜெர்லின். "போன தீபாவளிக்கு இவன் பேருல நான் போட்டேன். தீயணைப்புக் குப்பி உத்தரவு. எரநூத்திப் பன்னெண்டு அட்ட. அதையும் திருப்பிப் பாக்கணும். அதுக்கு முன்னாடியும் நடந்துருக்கு. தேதி எல்லாம் எழுதித் தர்றேன்."

செழியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத ஏன்மா இப்ப சொன்ன?" என்றார் சக்கரபாணி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அதோட விட்டுருந்தா ஒரு மெமோவோட முடிச்சிருப்பேனே."

"அதுல எத்தன தப்பு இருக்குன்னு தெரியாதுல்ல சார்."

அவர் டப்பாவை மூடினார்.

ஒன்றரை மணிக்கு இரண்டு பேருடைய பாஸ்வேர்டையும் மூடி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். செழியன் தன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தான். மாடிப்படி வரை ஜெர்லின் கூடப் போனாள்.

"நீ பண்ணது சரின்னு நான் சொல்லுவேன்னு நெனைக்காத கா."

"நெனைக்கல."

"தீபாவளியாவது சொல்லாம இருந்துருக்கலாம்."

"ம்."

அவன் இறங்கிப் போனான். பைக் இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. அவள் திரும்பி வந்தாள்.

தீயணைப்புக் குப்பி அட்டைகளை ஃபாத்திமாவிடம் கொடுத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பெண். அவளுக்கு அந்தக் கையெழுத்து இன்னும் பழகவில்லை. ஜெர்லின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்களை வாசித்தாள், ஃபாத்திமா பட்டியலில் பார்த்து டிக் போட்டாள். சக்கரபாணி ஒருமுறை வெளியே வந்து பார்த்தார். வீட்டுக்குப் போகச் சொல்ல வந்தவர் போல நின்றுவிட்டு, சொல்லாமல் உள்ளே போனார்.

"பயமா இல்லியா கா?" என்றாள் ஃபாத்திமா நூறாவது அட்டையில்.

"எதுக்கு?"

"தெரியல. எனக்கு பயமா இருக்கு."

"நல்லதுதான். அடுத்தத எடு."

இருநூற்றுப் பன்னிரண்டிலும் தப்பு இல்லை. கடைசி அட்டையை மூடும்போது ஜெர்லினுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

நாலரைக்குப் பதில் வந்தது. ஃபாத்திமாவின் கணினியில்தான் அதைப் பார்க்க முடிந்தது. பிரெஞ்சில் மூன்று வரி. விமானம் இரண்டாவது தீவில் நிறுத்தப்பட்டது. முப்பத்தெட்டுப் பயணிகள் இறக்கப்பட்டு வேறு விமானத்துக்குக் காத்திருக்கிறார்கள். 1146-ஆம் எண் போல்ட் கழற்றப்பட்டது, புதிது மாட்டப்பட்டது.

"விரிசல் இருந்துதான்னு கேளு," என்றாள் ஜெர்லின்.

"நான் கேக்கலாமா கா?"

"என் பேரு இனிமே அதுல வராது. நீதான் கேக்கணும்."

ஜெர்லின் சொல்லச் சொல்ல ஃபாத்திமா தட்டினாள். பதில் பத்து நிமிடத்தில் வந்தது. உத்தரவின்படி பழைய போல்ட்டை மறுபடி யாரும் உபயோகிக்க முடியாதபடி வெட்டிக் கழிவில் போட்டாகிவிட்டது. சோதித்துப் பார்க்க உத்தரவில் சொல்லப்படவில்லை. நன்றி.

ஜெர்லின் அதை இரண்டு முறை படித்தாள். தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு, கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி ஃபாத்திமாவின் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அந்தோணிமேரி கதவைத் திறந்தபோது தெருவில் இன்னும் வெயில் இருந்தது.

"என்னடி, இந்நேரத்துக்கு வந்து நிக்கிற?"

"வேல போச்சு அத்த."

"ஏன்?"

எப்படிச் சொல்வது என்று ஜெர்லின் யோசித்தாள். "ஒரு போல்ட்ட மாத்தச் சொன்னேன்."

"மாத்துனாங்களா?"

"மாத்திட்டாங்க."

"பின்ன எதுக்கு உன்ன அனுப்புறான்?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

அந்தோணிமேரி அவள் டிபன் பையை வாங்கிக்கொண்டாள். "அது கெட்டுப்போயிருந்துதா, அந்த போல்ட்டு?"

"தெரியல. ரெண்டா வெட்டிப் போட்டுட்டாங்க."

"சரி, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா," என்றாள் அந்தோணிமேரி.