நகருங்க

காவிரிக்கரையில், மோகனூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூருக்கு நர்சாக வந்தபோது கந்தம்மாளுக்கு இருபத்தாறு வயது. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் அவள் வேலையில் சேர்ந்தது. அப்படிக் கற்க வந்தவர்களில் பாவாயி, அவளைவிட இருபது வயது மூத்தவள். கந்தம்மாள் பிறப்பதற்கு முன்பே பிரசவம் பார்க்கத் தொடங்கியவள்.

அடி உடைந்த பானை ஒன்றும், தவிடு அடைத்த துணிப்பொம்மை ஒன்றும்தான் பாடம். பொம்மையைப் பானைக்குள் தலைகீழாகவும் குறுக்காகவும் வைப்பாள் கந்தம்மாள். சில நாள் அதன் கால்களை முன்னே நீட்டி வைப்பாள். பாவாயி கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டுத் தடவி, "கால் வருதுங்க நர்சம்மா" என்பாள். பிறகு பதறாமல் தோளை இறக்கி, உடம்பைத் தூக்கிப் பிடித்துத் தலையை எடுப்பாள். பானையில் ஒருநாளும் அவள் தவறியதில்லை.

நிஜ வீட்டில் கதை வேறு. கால் முன்னே வந்தால், தோள் இறங்கும் நேரத்தில் கந்தம்மாளுக்குப் பொறுக்காது. "நகருங்க பாவாயக்கா, நான் பாக்கறேன்" என்று தானே உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருடத்தில் நான்கு முறை அப்படி நடந்தது. நான்காவது முறை திரும்பி வரும் வழியில் பாவாயி கேட்டாள்.

"அடுத்த தடவ நானே எடுக்கட்டுங்களா? நீங்க பக்கத்துல நின்னாப் போதுமுங்க."

"உசுரு விசயம் அக்கா. பாக்கலாம்" என்றாள் கந்தம்மாள்.

அந்த ஆடியில் மருந்து வாங்கக் கந்தம்மாள் அக்கரைக்குப் போனாள். அன்றே வெள்ளம் வந்து பரிசல் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் இக்கரை சேர்ந்தபோது பாவாயி துறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து உண்ணாமலைக்கு வலி வந்துதுங்க. புள்ள போயிருச்சு. தாய்க்கு ஒண்ணுமில்ல."

"கால் வந்துதா?"

"ஆமாங்க. தடவினதுமே தெரிஞ்சுது. இடுப்பு வரைக்கும் நீங்க சொன்னாப்பலயேதான் செஞ்சேன். தோளு எறங்கற எடம் வந்துதுங்க. எப்பவும் அங்கதான நீங்க நகரச் சொல்லுவீங்க." பாவாயி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "கை அப்படியே நின்னுபோச்சுங்க. வாசப்பக்கமே பாத்துட்டிருந்தேன். மறுபடி கை வெக்கறதுக்குள்ள நேரமாயிப்போச்சு."

கையிலிருந்த மருந்துப் பெட்டியை மணலில் வைத்துவிட்டு கந்தம்மாளும் அருகில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வகுப்புக்குப் பாவாயி வரவில்லை. தேடிப் போனபோது யாருடைய கடலைக் காட்டிலோ களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேல அக்கா. உண்ணாமலைகிட்ட நானே சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா என்னைய இனி கூப்புடாதீங்க. கையி பயந்துபோச்சுங்க."

கந்தம்மாள் உண்ணாமலை வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். பாவாயிக்கு வேலை தெரியும் என்றும், செய்யவிடாமல் வைத்திருந்தது தான்தான் என்றும் ஒளிக்காமல் சொன்னாள். பால் கட்டிய மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்த உண்ணாமலை முழுவதையும் கேட்டாள். பிறகு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அதன்பின் கந்தம்மாள் கற்றுக்கொடுத்த விதம் மாறியது. எத்தனை சிக்கலான பேறானாலும் கற்பவளையே உட்காரவைத்து, தான் பின்னால் நின்று வாயால் மட்டும் சொன்னாள். கை தானாக முன்னே நீளும்போது முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொள்வாள். கற்க வந்த அத்தாயியும் பொன்னாயியும் அப்படித்தான் தேர்ந்தார்கள். கால் முன்னே வந்த குழந்தைகளை அவர்களே உயிரோடு எடுத்தார்கள். நர்சம்மா கைராசி என்று ஊர் சொன்னது. அந்தப் பேச்சு வந்தாலே கந்தம்மாள் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவாள்.

பாவாயி கடைசிவரை களை வெட்டத்தான் போனாள். வழியில் எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா நர்சம்மா?" என்று கேட்பாள். அதில் குறை எதுவும் இருக்காது. கந்தம்மாளுக்கு அதுதான் தாங்காது.