கண்ணாடித் தட்டில் வளர்ந்த கணவர்

லிப்ட் மெக்கானிக்கின் இதயத்தில் ஒரு துண்டு, அவர் மார்புக்கு வெளியே, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தபோது, அவருடைய மனைவி அதனுடன் பேச ஆரம்பித்தாள். அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளில் அவள் தன் கணவருடன் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. பேச வராதவள் என்று சொல்லிவிட முடியாது. ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்காமல் யாரும் அந்த ஊரை விட்டுப் போனதும் இல்லை, திரும்பி வந்ததும் இல்லை. ஸ்பீக்கரம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்த ஸ்பீக்கர் அணைந்துவிடும், அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் ஒரு லிப்ட். தோழியைப் பார்க்கப் போன இடத்தில், தன் கணவரே பழுது பார்த்த லிப்டில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டாள். இருட்டில் ஒரு மணி நேரம். கடைசியில் அவர் கருவிப் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்து, ஐந்தாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, தலையை உள்ளே நீட்டி, அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே கம்பிக் கயிற்றைப் பார்த்து, "என்னடா கண்ணா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். லிப்டைத்தான் கேட்டார். அவள் ஏறி வெளியே வந்தாள், உடம்பிலிருந்த தூசியைத் தட்டினாள், படிக்கட்டு வழியாக இறங்கி வீட்டுக்குப் போய் வாயைப் பூட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கோபம் ஆறிவிடும் என்று அவர் நினைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறிவிடும் என்று நினைத்தார். அதற்குள் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அதன் பிறகு வீட்டுப் பேச்செல்லாம் அவர்களின் ஒரே மகள் வழியாக நடந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின், சாப்பாடு ஆயிற்று என்று கூடத்தில் இருப்பவருக்குச் சொல்ல, ஸ்பீக்கரம்மா சமையலறையிலிருந்து அந்த ஊருக்குத் தொலைபேசியில் அழைப்பாள். மகள் அங்கிருந்து கூடத்துக்கு அழைப்பாள். "கீரியும் பாம்பும்கூட உங்களை விட நாலு வார்த்தை அதிகமாப் பேசிக்கும்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிப்டில் இருவரும் சேர்ந்து ஏறினால் அதிக எடை என்று மணி அடிக்கும். ஆறு பேரைத் தாங்கும் லிப்ட் அது. மெக்கானிக் எடைக் கருவியை மூன்று முறை கழற்றி மாட்டினார். கருவியில் கோளாறு இல்லை. இடையில் நின்ற மௌனம் அவ்வளவு கனம். எனவே அவர் லிப்டிலும் அவள் படியிலுமாகப் போய் வந்தார்கள். கட்டடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு மொட்டை மாடியின் இயந்திர அறை வாசலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிர் தப்பியது. இதயத்தின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. செருப்புத் தோல் மாதிரி விறைத்துப்போய், சுற்றியுள்ள நல்ல சதையையும் இழுத்துக்கொண்டிருந்தது. "செத்த சதை தானா முளைக்காதும்மா" என்றார் இதய மருத்துவர். "ஆனா அவரோட செல்லையே எடுத்து வளர்த்து, அந்த இடத்துல ஒட்டலாம். வேற யாருதும் வேண்டாம், அவருது அவருக்கே." கையின் உட்புறத்திலிருந்து நகத்தளவு தோல் எடுத்தார்கள். அந்தச் செல்களை, தாங்கள் என்னவாக ஆகப்போகிறோம் என்றே தெரியாத குழந்தைப் பருவத்துக்குத் திருப்பினார்கள். பிறகு இதயத் தசையாக வளரும்படி பழக்கினார்கள். ஆய்வகத்தில் ஒரு பெண் தினமும் இளஞ்சிவப்புத் திரவத்தை மாற்றி அதற்கு ஊட்டினாள். வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய ஏடு உருவானது.

உருவானதே தவிர, துடிக்கவில்லை. மற்ற தட்டுகளில் மற்றவர்களின் துண்டுகளெல்லாம் மீன் வாய் மாதிரி சுருங்கி விரிந்துகொண்டிருக்க, மெக்கானிக்கின் துண்டு மட்டும் அசையாமல் கிடந்தது. அந்த வாரத்துக்குள் துடிக்காவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான் என்றும், புதிதாக ஆரம்பிக்கும் அளவுக்கு அவருடைய பழைய இதயம் தாங்காது என்றும் மருத்துவர் சொன்னார். ஸ்பீக்கரம்மா ஆய்வகத்துக்குப் போய் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆளைப் போலவே துண்டும் அழுத்தக்காரத் துண்டு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கண் கலங்கிவிட்டது.

அப்போது நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த பையனுக்கு, தாமதமாகும் வண்டியை எப்படி அறிவிப்பது என்று குழப்பம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தாள். "எழுதிக்கோ. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் வரை செல்லும் விரைவு வண்டி, சுமார் நாற்பது நிமிடம் தாமதமாக, இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

"அக்கா!" என்று ஆய்வகப் பெண் கத்தினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க! அது துடிக்குது!"

துடித்தது. வருந்துகிறோம் என்ற சொல்லுக்கு மற்றச் சொற்களை விட வேகமாகத் துடித்தது. அன்று ஸ்பீக்கரம்மா வடக்கே போகும் வண்டி, தெற்கே போகும் வண்டி, சரக்கு வண்டி என்று எல்லாவற்றையும் அறிவித்துத் தீர்த்தாள். மறுநாளும் வந்தாள். வண்டிகள் தீர்ந்ததும் வீட்டுச் சமாசாரங்களை அதே குரலில் சொன்னாள். குழாய் ஒழுகுகிறது, பயணிகள் கவனிக்கவும். பிறகு அந்தக் குரலும் தளர்ந்து சாதாரணப் பேச்சாகிவிட்டது. மகளுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொன்னாள். புதுத்துணி ஒன்று எடுத்து ஆறு மாதமாகக் கட்டாமல் வைத்திருப்பதைச் சொன்னாள். துண்டு ஒவ்வொன்றுக்கும் தக்கபடி துடித்தது. பக்கத்துத் தட்டுகளில் இருந்த மற்றவர்களின் துண்டுகளும் கதை கேட்கும் ஆசையில் அந்தப் பக்கமாக நகர்ந்தன. ஆய்வகப் பெண் அவற்றை மறுபடி நடுவில் இழுத்து வைத்தாள்.

விஷயம் கீழ்த்தளத்தில் படுத்திருந்த மெக்கானிக்கின் காதுக்குப் போனது. அவர் மகளை அழைத்தார்.

"உங்கம்மா என் துண்டுகிட்ட பேசுறாளாமே."

"அதுவும் நீங்கதானேப்பா."

"நானா? நான் இங்க மல்லாந்து கிடக்கேன். அது நேத்து முளைச்சது. பேச்சு அதோட, ஊசி மட்டும் எனக்கா?"

துண்டு தன் குரலை எப்படி அறிந்தது என்பது மட்டும் ஸ்பீக்கரம்மாவுக்கு விளங்கவில்லை. அவரிடம் இருப்பதுதான் அதனிடமும் இருக்கும் என்று ஆய்வகப் பெண் சொன்னாள். அவரிடம் என்ன இருந்தது, முறைப்பைத் தவிர? வேலைக்குத் திரும்பிய அன்று நிலையத்தில் தரை கூட்டுபவர் அவளை நிறுத்தினார்.

"எங்கேம்மா உங்க வீட்டுக்காரரைக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. வேலை விட்டதும் நேரா இங்கதானே வருவாரு. கடைசி பெஞ்சு, ஸ்பீக்கருக்கு நேர் கீழ. எந்த வண்டியிலயும் ஏற மாட்டாரு, இறங்குறவங்களையும் பாக்க மாட்டாரு. நீங்க பேசி முடிச்சா எழுந்து போயிடுவாரு. எத்தனை வருஷமா காலைத் தூக்கச் சொல்லிக் கூட்டியிருக்கேன்!"

அவளுடைய அறிவிப்பு அறைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அவர் தாமதமாக வீடு திரும்புகிறார் என்று அவள் எண்ணியிருந்தாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் அந்த இடம் இன்னும் சூடாகவே இருந்தது. அன்று மாலை மூன்று வண்டிகள் அறிவிப்பில்லாமல் வந்து போயின.

ஆனாலும் அவள் கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. ஒன்பது வருஷத்து வார்த்தைகளில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. துண்டிடம் பேசுவது சுலபம்; அது திருப்பிக் கேள்வி கேட்காது.

மார்பைத் திறந்து செத்த இடத்தின் மேல் துண்டை வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது, உயிரோடிருந்தது, துடித்தது. ஆனால் தனியாகத் துடித்தது. கட்டிலருகே இருந்த திரையில் இரண்டு கோடுகள் ஓடின, பழையது ஒன்று, புதியது ஒன்று. தண்டவாளம் மாதிரி, சேரவே இல்லை. "இரண்டும் ஒண்ணா அடிச்சாத்தான் பொழைப்பாரு" என்றார் மருத்துவர். "இல்லன்னா ஒண்ணு இன்னொண்ணைச் சாய்ச்சிடும்." ஸ்பீக்கரம்மா ஓடி வந்தாள். கட்டுப் போட்ட மார்புக்கு அருகில் குனிந்து, "இதோ பாரு கண்ணு, அவர்கிட்ட சொல்லு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லு" என்று துண்டிடம் தூது விட்டாள். துண்டு குதித்தது. பழைய இதயம் இன்னும் முறுக்கிக்கொண்டது. கோடுகள் மேலும் விலகின. அவள் மறுபடி துண்டைக் கொஞ்சினாள், மறுபடி விலகின. மெக்கானிக்கின் உதடு நீலம் பாரித்தது.

நர்ஸ் அவள் தோளைப் பிடித்தாள். "அம்மா, அதுகிட்ட பேசாதீங்க. ஆளுகிட்ட பேசுங்க."

அவள் நிமிர்ந்தாள். தலையணையில் நரைத்துப்போன ஒரு முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. நரைத்தது எப்போது என்றே தெரியாது. வாயைத் திறந்தாள். வீட்டுக்குரல் துருப்பிடித்துப் போயிருந்தது, வரவில்லை. வந்தது நிலையத்துக் குரல்தான்.

"ஏற்பட்ட சிரமத்திற்கு..." என்றாள். "வருந்துகிறேன்."

அவர் கண் கூரையிலிருந்து இறங்கியது. "தினம் நாலு தடவையாவது அதைக் கேக்கத்தான் அங்க வந்து உட்காருவேன்."

"அது ரயிலுக்குச் சொல்றது!"

"தெரியும். உன் வாயில மன்னிப்பு வருதேன்னு ஒரு சந்தோஷம்."

"மன்னிப்பு கேக்க வேண்டியது நீங்க. இருட்டுல நின்னவளை விட்டுட்டு லிப்டைத்தானே முதல்ல விசாரிச்சீங்க?"

"கயிறு மூணுல ரெண்டு நைஞ்சு போயிருந்துச்சு. மிச்சம் ஒண்ணுல நீ தொங்கிட்டிருந்தே. அதைப் பாக்காம உன் மூஞ்சியைப் பாத்துட்டிருக்கச் சொல்றியா?"

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ பயந்துடுவேன்னு சொல்லல. அப்புறம் சொல்லலாம்னா, நீ எங்க கேட்டே?"

"நான் கேக்கலன்னா நீங்க சொல்ல மாட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உன் வாயில மட்டும் என்னவாம்?"

சண்டை அங்கிருந்து வளர்ந்தது. குழாய், மகளின் கல்யாணம், யார் பக்கத்துச் சொந்தம் அதிகம் பிடிவாதம் என்று ஒன்பது வருஷப் பாக்கி எல்லாம் வெளியே வந்தது. அடுத்த வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் இருந்த இரண்டு கோடுகளும் ஒன்றாகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. நர்ஸ் கவனித்தாள், ஆனால் சண்டையைக் கலைக்க மனமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இதயத்தில் செத்துப்போன பகுதி கரைந்துபோய், அந்த இடத்தில் சிவந்த சதை நிறைந்தது. அவர் மறுபடி வேலைக்குப் போனார். புதிய துண்டு இதயத்தோடு ஒன்றிவிட்டாலும் பழக்கத்தை விடவில்லை. நிலையம் எத்தனை தெரு தள்ளி இருந்தாலும் அவள் ஒலிபெருக்கியைத் திறந்தால் அது கேட்டுவிடும். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்பது அவருக்கு மார்பில் தெரிந்தது. பெட்டி படுக்கையோடு கிளம்புகிறவர்கள் முதலில் லிப்ட் மெக்கானிக்கை விசாரித்துவிட்டு அவசரப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். வண்டிகள் தாமதமாகிற நாட்களில், லிப்டின் மேல்தட்டில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "சரி விடு, பரவாயில்ல" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொல்வார். கீழே கதவோரம் காத்து நிற்பவர்கள், வண்டி இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, பையைத் தரையில் இறக்கி வைப்பார்கள்.