உமி எடுக்கிற கை

தங்கச்சி கண்ணைப் பொத்திக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. "ஏன்டி, ஆலையில இருக்கிற உமிக்கெல்லாம் உன் கண்ணுதான் கிடைச்சுதா?" என்றேன். "விளையாடாதக்கா, கரகரன்னு உறுத்துது" என்று காலைத் தரையில் உதைத்தாள். முப்பத்திரண்டு வயதுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள். கண்ணில் தூசி விழுந்தால் மட்டும் ஆறு வயதாகிவிடும்.

எங்கள் நெல் அரவை ஆலையில் கண்ணில் உமி விழுந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, என்னிடம் வருவார்கள். நீளமான தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, மடித்து வளையமாக்கி, இமைக்கு அடியில் மெதுவாக ஒரு இழுப்பு. உமி முடியோடு வந்துவிடும். என் முடி கொட்டி எலிவால் ஆகிவிட்டதால் எப்போதும் தங்கச்சியின் முடிதான். மேஸ்திரிக்கே நாலு தடவை எடுத்திருக்கிறேன். எனக்கு 'கண்ணு டாக்டர்' என்று பட்டப்பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆனால் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத எனக்கு, அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். பொய் சொல்வானேன்?

அன்றும் எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அவள் கண் சிவந்து நீர் வடிந்தது. போன வருஷம் எனக்குக் கண் சிவந்தபோது மருந்துக் கடைக்காரர் ஒரு புட்டி சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு போன இடம் தெரியவில்லை. மிச்சத்தைத் தங்கம் மாதிரி அலமாரியில் வைத்திருந்தேன். அதை எடுத்து அவள் கண்ணில் இரண்டு சொட்டு விட்டேன். சாயங்காலமே சிவப்பு இறங்கியது, வலியும் விட்டது. "பாத்தியா?" என்றேன். "நீ இருக்கும்போது எனக்கென்னக்கா" என்றாள். ஐந்து நாள் வேளை தவறாமல் விட்டேன். ஆறாம் நாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, இங்க வந்து பாரேன்" என்றாள். கருவிழி நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆஸ்பத்திரி தாழ்வாரத்து பெஞ்சில் கல் உடைக்கிற ஒருவர், கரும்புத் தோகை கீறிய ஒரு அம்மா, குச்சி குத்திய குழந்தையோடு ஒரு தகப்பன். எல்லோரும் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்தியிருந்தார்கள். நம்மைப் போலவே இத்தனை பேரா என்று முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலையிலேயே களைத்திருந்தார். "இன்னிக்கு நீங்க ஒன்பதாவது ஆளு. உமி, தோகை, மண்ணு. ஒருத்தராவது அன்னிக்கே வந்திருக்கீங்களா?" என்றார். பிறகு கருவிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கருவிழியில புண்ணு. உமியில இருந்து பூஞ்சை ஏறியிருக்கு. ஏதாவது மருந்து போட்டீங்களா?" புட்டி என் பையில் இருந்தது. "அஞ்சு நாளா இதுதான் டாக்டர்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. "இது சிவப்பையும் வலியையும் மறைக்கும், அவ்வளவுதான். பூஞ்சைக்கு இதுதான் தீனி. அஞ்சு நாளா ஊட்டி வளத்திருக்கீங்க. யாரு குடுத்தது?"

"நானே கடையில வாங்கிப் போட்டேன் டாக்டர்" என்றாள் தங்கச்சி.

ஊர் வம்புக்கெல்லாம் முதல் ஆளாக வாயைக் கொடுக்கிற நான், என் தங்கச்சி எனக்குரிய திட்டைத் தலை குனிந்து வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன்டி அப்படிச் சொன்ன?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன்னைத் திட்டினா நீ ராத்திரி சாப்பிட மாட்ட." கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு மாதம் மணிக்கொரு தடவை புது மருந்து விட்டோம். புண் ஆறியது, வெள்ளை போகவில்லை, அந்தக் கண்ணில் பார்வையும் திரும்பவில்லை. இறந்துபோன யாராவது ஒருவர் கருவிழியை வைத்துத் தைக்கலாமாம். பெயர் எழுதிக்கொண்டார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்றதற்கு டாக்டரம்மா, "உங்களுக்கு முன்னால நிறையப் பேர் இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆலைக்குத் திரும்பினோம். ஒற்றைக் கண்ணோடு இயந்திரத்தில் நிற்கக் கூடாது என்று அவளைச் சாக்கு உதறப் போட்டார் மேஸ்திரி. முதல் வாரமே, சாக்குத் தைக்கிற அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "கண்ணு டாக்டரே, கொஞ்சம் பாரும்மா."

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. இப்பவே போங்க."

"ஒரு உமிக்கா? நல்லாருக்கே! போயிட்டு வர்றதுக்குள்ள என் இடத்துல வேற ஆளு உக்காந்திருப்பான்." மேஸ்திரி காதில் விழாதவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். கழுவினார், உமி வரவில்லை. பிறகு தோளில் கிடந்த அழுக்குத் துண்டின் நுனியைத் திரித்துத் தானே கண்ணுக்குள் விடப் போனார்.

"ஐயோ, வேண்டாம்ணே!" என்று கத்தினேன்.

பின்னாலிருந்து தங்கச்சி வந்தாள். தலையில் கை வைத்து, நீளமாக ஒரு முடியைச் சுண்டிப் பிடுங்கினாள். "எடுத்து விடுக்கா, பாவம். உன் கைதான் நோகாது."

என்னையும் அறியாமல் கை நீண்டது. அவளும் நீட்டினாள், என் கைக்கு ஒரு சாண் முன்னால். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. நான் வாங்கிக்கொண்டேன் என்று நினைத்து விரலை விட்டாள். முடி உமிக்குவியலில் விழுந்தது. அவள் சிரித்த முகமாகக் காத்திருந்தாள். அண்ணன் கண்ணை அகலத் திறந்து முகத்தை என் பக்கம் நிமிர்த்தினார்.