மூன்று நிமிட அதிகாரி

முப்பத்தொரு வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற என்னை நடிக்கக் கூப்பிட ஜெபசுதாவுக்குத்தான் துணிச்சல் வரும். நாசரேத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. ஊர் ஊராகப் போய்த் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறாள். பாடமாக நடத்தினால் ஜனங்கள் தூங்கிவிடுகிறார்களாம், அதனால் விளையாட்டாக நடத்துகிறாளாம். ஒருத்தர் அதிகாரி, ஒருத்தர் மனுதாரர், மற்றவர்கள் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஜீவமணி அண்ணாச்சி, போன தடவை அதிகாரியா நடிச்சவன் மனு கொண்டு வந்தவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுட்டான். யாரும் நம்பல. நீங்க வாங்க, நீங்க இருக்கிறபடி இருந்தாப் போதும்" என்றாள்.

இதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் புத்தி அப்படி.

ஆறுமுகநேரிக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பளக் குடியிருப்பு. சனிக்கிழமை சாயங்காலம், சமுதாயக் கூடத்தில் இருபது பெண்கள். எனக்கு மேஜை, மேஜை மேல் மணி, முத்திரை, கோப்பு என்ற பெயரில் நாலு பழைய செய்தித்தாள். அரசாங்கம் பதில் சொல்ல முப்பது நாள் உண்டு, இங்கே அது மூன்று நிமிடம் என்று ஜெபசுதா சொல்லி, செல்போனில் அலாரம் வைத்தாள்.

மனுதாரராக வந்தவள் சண்முகசுந்தரி. நாற்பது வயதிருக்கும், உப்பு அரித்துப் பாதமெல்லாம் வெடிப்பு. என்ன கேட்கப் போகிறாய் என்று ஜெபசுதா கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்.

"அளத்துல பொம்பளையளுக்கு ஒதுங்க இடம் கெடையாது. தண்ணி குடிச்சா ஒதுங்கணுமேன்னு குடிக்கதே இல்ல. இப்பம் கிட்னில கல்லுன்னு சொல்லுதாவ. நெறைய தண்ணி குடிங்காரு டாக்டரு. குடிச்சுட்டு எங்க போவ? வடக்கு அளத்துல ஓய்வறை கட்டுதோம்னு எப்பமோ சொன்னாவ. ஒரு செங்கல் வரல. காகிதத்துல கட்டியாச்சாம்."

விளையாட்டு ஆரம்பித்தது. அவள் செருப்பை வாசலில் விட்டு, கைகட்டி வந்து நின்றாள். சமூகம் ஐயா அவர்கள் என்று தொடங்கி, தாழ்மை, கருணை, ஏழை எளியவர் எல்லாம் போட்டு மனு. நான் தலை நிமிரவில்லை. வாங்கி, முத்திரை குத்தி, செய்தித்தாளுக்கு அடியில் சொருகினேன்.

"பரிசீலிக்கப்படும். போய் வாங்க."

"சரிங்கய்யா, நல்லா இருப்பீய" என்று கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். கூடம் சிரித்தது. ஜெபசுதா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ இழந்த பதவி திரும்பக் கிடைத்த மாதிரி ஒரே குஷி.

அடுத்த சுற்றில் சுந்தரிக்குக் கொஞ்சம் கோபம் வந்திருந்தது. "ஏன் சார் இன்னும் கட்டல?" என்றாள்.

"ஏன், எதுக்குன்னு விளக்கம் சொல்ல இந்தச் சட்டத்துல இடமில்ல. ஆபீஸ்ல இருக்கிற ஆவணத்தை மட்டும்தான் கேக்கலாம். நிராகரிக்கப்பட்டது."

"ஏளா, இந்தாளு நெசமாவே ஆபீஸ்காரன் மாதிரில்லா பேசுதாரு" என்றாள் பின்வரிசையில் இசக்கித்தாய். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அண்ணாச்சி சொன்னது சரிதான்" என்றாள் ஜெபசுதா. "ஏன்னு கேட்டா நழுவிருவாவ. காகிதத்தைக் கேளுங்க. எந்தத் தேதி, யாரு கையெழுத்து."

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, எந்த வருஷம், எந்த மாசம் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டு எழுதினார்கள். நான் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே, "பாத்து எழுதுங்கம்மா, தப்பு இருந்தா திருப்பி அனுப்பிருவேன்" என்று வம்பிழுத்தேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்றில் சுந்தரி செருப்போடு வந்தாள். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தாள்.

"ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினேழு மார்ச்சுல வடக்கு அளத்து ஓய்வறை வேலை முடிஞ்சதுன்னு குடுத்த சான்றோட நகல். ரெண்டு, இடத்தை நேர்ல பாத்த தேதி. மூணு, பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டவரு பேரு, பதவி."

ஜெபசுதா அலாரத்தை அழுத்தினாள். கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். இரண்டு எழுத்துக்கு மேல் கை ஓடவில்லை.

மார்ச் கடைசி வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேலை முடியாவிட்டால் திட்டப் பணம் கைவிட்டுப் போய்விடும். அதனால் முடிந்தது என்று முதலில் எழுதிவிடுவோம், வேலை பின்னால் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. நேரில் பார்வையிட்டேன் என்று அச்சடித்த வரிக்குக் கீழே என் கையெழுத்து. அந்த வருஷம் இந்த வடக்கு அளத்துக் கோப்பில் ஒட்டியிருந்த போட்டோவில் கட்டடத்துக்குப் பின்னால் தென்னைமரம் நின்றது. உப்பளத்தில் தென்னை ஏது என்று எனக்கே தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போட்டுவிட்டேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, பென்ஷன் ஞாபகம் வந்தது. வெறும் விளையாட்டுதானே, எதையாவது கிறுக்கிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சுந்தரி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரம் அடிப்பதற்குள் எழுதி, எழுந்து நின்று வாசித்தேன்.

"பெயர் ஜீவமணி. பதவி பணி மேற்பார்வையாளர். நேரில் பார்த்த தேதி, இல்லை. பார்க்கவில்லை."

கூடமே சிரித்தது. "நடிப்புன்னா இதுல்லா நடிப்பு" என்று ஜெபசுதா கை தட்டினாள்.

"நடிப்பு இல்லம்மா" என்றேன். "நாந்தான் போட்டேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. ஜெபசுதா என் முகத்தைப் பார்த்துவிட்டு அலாரத்தை அணைத்தாள். நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது. சுந்தரி திட்டவில்லை. தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கையெழுத்து போடலியே சார்."

பேனாவைத் திறந்தேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்பம் வேண்டாம். திங்கக்கெழம காலைல அளத்துக்கு வாங்க. இந்தத் தடவையாவது பாத்துட்டுப் போடுங்க."

போனேன். வெளிச்சம் வருமுன்னே வந்து பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பெரிய மனுஷத்தனமாக வரப்பில் நடந்து எல்லாவற்றையும் விசாரித்தேன். பஸ் நிறுத்தத்தில் இரண்டு டீ குடித்திருந்தேன். எட்டரை மணிக்கு வயிற்றை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைப் பாத்தி, ஒரு புதர் இல்லை, ஒரு சுவர் இல்லை, இருபது பெண்கள். பத்து நிமிஷம் பொறுத்தேன். பதினைந்து நிமிஷம் பொறுத்தேன். கடைசியில் சுந்தரியிடமே போய்க் கூச்சத்தோடு கேட்டேன்.

அவள் உப்பு வாருவதை நிறுத்தவில்லை. "இதைத்தான் சார் எட்டு வருசமா கேக்கோம்" என்றாள்.

பின்னால் இசக்கித்தாய் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மெயின் ரோடு வரை ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்ப எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் தாளைக் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்து, இடத்தை நேரில் பார்த்தேன், கட்டடம் இல்லை என்று எழுதினேன். தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். சுந்தரி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, மடித்துத் தன் மனுவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.