நடுங்கும் கை

அந்த ஆஸ்பத்திரியில் காயம் தைப்பதென்றால் ஒரு காலத்தில் நர்ஸம்மாதான். கறிக்கடை வரிசைக்கு எதிரே, இரண்டே அறை உள்ள இடம். விரல் வெட்டு, உள்ளங்கைக் கிழிசல் என்று தினம் நாலு பேராவது வருவார்கள். பத்து வருஷம் தைத்தவளுக்கு ஒரே ஒரு நாள் கண் தப்பிவிட்டது. லாரி டிரைவர் ஒருவரின் புருவத்தைத் தைத்தபோது உள்ளே கண்ணாடிச் சில்லு கிடந்ததைக் கவனிக்கவில்லை. சீழ் வைத்து அந்த ஆளுக்கு ஒரு கண் போய்விட்டது.

அதற்கப்புறம் ஊசியைத் தொட்டாலே கை வெடவெடக்கும். தைக்கிற வேலையை டாக்டரிடம் விட்டுவிட்டுக் கட்டுப் போடுவதோடு நிறுத்திக்கொண்டாள். கம்பவுண்டர் அவளுக்குப் 'பிளாஸ்திரியம்மா' என்றே பேர் வைத்துவிட்டார். அவர் எதிரில் சிரித்து வைப்பாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

அன்றைக்கு மதியம் டாக்டர் ஏதோ வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். எதிர்க் கறிக்கடை அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. தம்பி தனிக்கடை போடப்போகிறான் என்று காதில் விழுந்ததிலிருந்து அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து கேட்ட வாய்ச்சண்டை திடீரென்று நின்றது. அடுத்த நிமிஷம் ஓர் அலறல்.

தம்பியை இரண்டு பேர் தூக்கிவந்து மேஜையில் போட்டார்கள். வலது தொடையில், இடுப்புக்கு ஒரு சாண் கீழே வெட்டு. நெஞ்சு துடிக்கிற துடிப்புக்கெல்லாம் ரத்தம் பீய்ச்சியடித்தது.

"அண்ணன்காரன் கத்தியைப் பிடுங்கிட்டோம், ஆளை அமுக்க முடியல!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் திரும்பி ஓடினார்கள்.

"அக்கா, விட்டுடாதீங்கக்கா," என்றான் தம்பி.

நர்ஸம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. 'நான் தொட்டால் இவன் செத்துப்போவான்' என்று உள்ளே ஒரு குரல். தொடாவிட்டாலும் சாவான் என்பது கண்ணெதிரே தரையில் வழிந்துகொண்டிருந்தது. வலக்கையை முஷ்டியாக்கி வெட்டுக்குள் திணித்து, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டாள். பீய்ச்சுவது நின்றது. நடுக்கம் நிற்கவில்லை.

"சார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க!"

கம்பவுண்டர் போனை வைத்ததும் கதவு பெயர்ந்து விழுந்தது. பிடிக்கப்போன இரண்டு பேரையும் உதறிவிட்டு வந்த அண்ணன் நின்றான். உதடு கிழிந்து, சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம். கம்பவுண்டர் மருந்து மேஜைக்கடியில் பதுங்கிவிட்டார்.

"கையை எடுடி."

"எடுக்க மாட்டேன்."

குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பியை உருவி வீசினான். தம்பியின் தலைக்கு வந்த அடியை இடக்கையால் தடுத்தாள். மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. கண் இருட்டியது. முஷ்டியை மட்டும் எடுக்கவில்லை. அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். முஷ்டி நழுவியது. ரத்தம் எகிறி அண்ணன் முகத்திலேயே அடித்தது. அவன் திகைத்த அந்த நொடியில் அவன் முன்கையைக் கவ்வினாள். சதை பிய்ந்து வாய்க்குள் வரும்வரை விடவில்லை. அவன் ஊளையிட்டுப் பின்வாங்கியபோது, எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கம்பவுண்டர் மர நாற்காலியைத் தூக்கி அவன் பிடரியில் போட்டார். அண்ணன் மடிந்து விழுந்தான், எழவில்லை.

அவள் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு முஷ்டியை மறுபடி உள்ளே திணித்தாள்.

"சார், உங்க பெல்ட்டைக் கழட்டுங்க. வெட்டுக்கு மேல கட்டுங்க. இறுக்குங்க!"

பெல்ட் கீழே இறங்கிவிட்டது. ரத்தம் கசிந்தது. "தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் மேல."

மறுபடி கட்டினார். "கோணலா இருக்கேம்மா."

"இருக்கட்டும். இழுங்க!"

வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் அசையவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். பாதம் மட்டும் தூக்க வராமல் தொங்கிப்போனது. பெல்ட் நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். அதைக் கேட்ட அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் மணிக்கட்டு கூடியதும் வேலைக்கு வந்தாள். டாக்டரிடம் போய், "தையல் வேலையை எனக்கே கொடுங்க சார்," என்றாள். அவர் சரியென்றார்.

ஐந்தாம் மாதம் தம்பி கோலூன்றி வந்தான். அண்ணன் சிறையில். தம்பிக்குக் கைப் பெருவிரலில் வெட்டுப்பட்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினான்.

"நாள் முழுக்க நின்னு செய்யுற தொழில்க்கா. இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? சரியாக் கட்டியிருக்கக் கூடாதா?"

சமாதானம் சொல்ல ஆயிரம் இருந்தது. முறிந்த கை, வராத வண்டி.

"நான் கட்டச் சொன்னது கோணல்தான் தம்பி," என்றாள். "அன்னிக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது."

அவன் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு விரலை நீட்டினான். அவள் ஊசியை எடுத்தாள். கை ஆடியது.

"நடுங்குதேக்கா."

"எப்பவும் அப்படித்தான். நீ ஆடாம இரு."

மூன்றாவது தையல் ரொம்ப இறுகிவிட்டது. வெட்டி எடுத்துவிட்டு, அதையே மறுபடி போட்டாள்.